அப்பாவின் வாசம்

மணப்பாட்டு மிக்கேல் கடலிலிருந்து திரும்பினால் நேரே வீட்டுக்குள் போகமாட்டார். கொல்லைப்புறத்தில் மேல் தேய்த்துக் குளித்து, துணி மாற்றிய பிறகுதான் மகள் ரொசிட்டாவின் அருகே வருவார். மீன் செதில் பட்டாலே அவளுக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்துவிடும்.

மாசி மாதம் டாக்டர் அதற்கு மருந்தாக அவள் கையில் பட்டு இழையால் செய்த ஒட்டு ஒன்றை ஒட்டினார். அதிலிருந்த கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுக் குஞ்சுகள் தோல் வழியே இறங்கிக் குடலில் குடியேறின. எதைக் கண்டாலும் சண்டைக்குப் பாயும் உடம்பை அவை அமைதிப்படுத்துமாம்.

"புழு நல்லாத் தங்கிட்டு. இனிமே பயப்படாதீங்க" என்றார் டாக்டர். மிக்கேலுக்குத்தான் துணிவு வரவில்லை. குளியலை அவர் விடவில்லை.

ஒரு நாள் காலை அவர் வலையிலிருந்து சாளை மீன்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, மனைவி செலின் மகளைக் கரைக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"கிட்ட வராத மக்கா. மேலெல்லாம் மீனு."

ரொசிட்டா நிற்கவில்லை. செதில் ஒட்டிய அவர் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியது. முகம் வீங்கவில்லை.

அவள் அந்தக் கையை முகர்ந்து பார்த்துக் கேட்டாள்: "உங்க வாசம் இப்படித்தான் இருக்குமாப்பா?"

மிக்கேல் ஈரச் சட்டையோடு அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.