எப்சிபாவின் வலது கை

நர்ஸ் எப்சிபாவின் வலது கை செயற்கைக் கை. பிறந்த குழந்தையைத் தூக்கும்போது மட்டும் அதன் பிடி அரை நொடி தளர்ந்தது. பிரசவ வார்டிலிருந்து அவளை மாற்றிவிட்டார்கள். கையைச் செய்த கம்பெனியில் யாருக்கும் கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் அந்தக் கை, இயந்திரங்களின் மென்பொருளைப் பழுதுபார்க்கும் இசக்கிமுத்துவிடம் வந்தது.

அவன் கையைக் கணினியோடு இணைத்தான். அதன் கெர்னல், அதாவது உள்ளிருந்து எல்லா வேலைகளையும் வரிசைப்படுத்தும் மைய நிரல், எந்த வேலையை எப்போது முன்னால் விட்டது, எதை நிறுத்திவைத்தது என்ற பதிவு திரையில் விரிந்தது. லட்சக்கணக்கான வரிகள். மூன்று நாள் பொறுமையாகப் படித்தான். இப்படியும் ஒரு மனுஷனா என்று எப்சிபா வியந்தாள்.

"அக்கா, பொறந்த பிள்ளையோட ஈரமும் சூடும் சேர்ந்து பட்டா, கை வெந்நீர்னு பயந்துருது. தன்னைக் காப்பாத்துற வேலை முந்திக்கிது. பிடிக்கிற வேலை பின்னால நிக்கிது."

அந்த வேலைகளின் வரிசையை மாற்றினான். மறுநாள் அவளைத் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, குளிப்பாட்டிய ஈரத்தோடு தன் இருபது நாள் மகளை நீட்டினான்.

"வேண்டாம் தம்பி," என்று எப்சிபா பின்வாங்கினாள்.

"பிடிங்கக்கா. நான் படிச்சதை நானே நம்பலேன்னா வேற யாரு நம்புவா?"

குழந்தையை அந்தக் கையில் கிடத்தினான். அடியில் ஏந்தியிருந்த தன் கைகளை மெல்ல விலக்கினான். குழந்தை அங்கேயே கொட்டாவி விட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.