இடது காலுக்கு எது

இரண்டு சாக்ஸையும் கட்டில் விளிம்பில் வைத்துப் பார்த்தாள்.

ஒரே பழுப்பு உல்லன். ஒரே ஊசி. இரண்டும் கணுக்காலோடு நின்றன.

கை மட்டும் வேறு.

ஒன்று அவள் பின்னியது. கண்ணியெல்லாம் நெருங்கி, இறுகி உட்கார்ந்திருந்தது. இன்னொன்று ஜெஸிந்தா பின்னியது. இளக்கம். தொட்டால் மெத்தென்று இருந்தது.

மெத்தென்று இருந்ததுதான் இன்னும் எரிச்சல்.

அவள் கணவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு பார்த்துக்கொள்ள வைத்த நர்ஸ், ஜெஸிந்தா. காலையில் வந்து மாலையில் போகிறவள். நாலு பேரிடம் சொல்லிவைத்து, தேடிப் பிடித்து, காப்பி கொடுத்து உட்காரவைத்தது யார்? அவளேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

கோத்தகிரிக் குளிரில் அவர் பாதம் எப்போதும் சில்லிட்டுக் கிடந்தது. நீளச் சாக்ஸ் போட்டால் வீங்கிய காலில் தடம் விழுந்தது. குட்டையாக ஒரு ஜோடி பின்னிவிடலாம் என்று உட்கார்ந்தாள். ஒற்றை முடிந்தது. அதற்குள் மேட்டுப்பாளையத்தில் தங்கை மகள் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா?

திரும்பி வந்தபோது ஜோடி சேர்ந்திருந்தது.

"சும்மாதானே உக்காந்திருக்கேன்னு போட்டுட்டேம்மா. அங்கிள்தான் நூல் புடிச்சாரு."

நூல் பிடித்தாரா!

கல்யாணமான நாளிலிருந்து பின்னுகிறாள். ஸ்வெட்டர், மப்ளர், குல்லா. ஒருநாள் ஒருபொழுது அவர் நூல் பிடித்ததுண்டா? எந்நேரமும் ஊசியும் கையுமா என்று முணுமுணுத்துவிட்டுப் பேப்பரை விரித்துக்கொள்வார்.

எதிர்வீட்டு சற்குணம் நலம் விசாரிக்க வந்தார். அவரிடம் இவர் அந்த ஜோடியை நல்ல கையால் தூக்கிக் காட்டி, "ஜெஸி பின்னுனது" என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. யாரோ பெற்ற பிள்ளைக்கு யாரோ பேர் வைக்கிறதா? அதில் ஒன்று என்னுது என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு சாக்ஸுக்குப் போய்ச் சண்டையா என்று மூடிக்கொண்டாள்.

வாய் கோணிய பிறகு அவர் பேச்சு அவளுக்குப் பாதி விளங்குவதில்லை. ஜெஸிந்தாவுக்கு எல்லாம் விளங்குகிறது. அவர் ஏதோ குழறுகிறார். ஜெஸிந்தா சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார். கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் நிற்கிறாள்.

மகள் வயசுப் பெண். தங்கமான பெண். அதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன? வயிறு எரிந்தது. பொறாமைதான். இந்த வயசில் அதற்கு வேறு நல்ல பேரா தேடிக்கொண்டிருக்க முடியும்?

குனிந்து அவர் கால்களைப் பார்த்தாள்.

வலது காலில் உணர்ச்சி உண்டு. இடது காலில் இல்லை. தொட்டாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது.

செருப்புக்குத்தான் இடம் வலம். சாக்ஸுக்குக் கிடையாது.

தன்னுடையதை வலது காலில் மாட்டினாள். ஜெஸிந்தாவுடையதை இடது காலில் மாட்டினாள்.

கிடக்கட்டும் அங்கே.

"கதகதன்னு இருக்கு" என்றார் அவர். அது மட்டும் தெளிவாக விளங்கியது.

அன்று அவள் ரவா கேசரி கிளறினாள். முந்திரி தாராளமாகப் போட்டாள். ஜெஸிந்தாவுக்கும் ஒரு கிண்ணம் நிறைய வைத்தாள்.

மத்தியானம் ஜெஸிந்தா வழக்கம்போல் கட்டிலடியில் உட்கார்ந்தாள். இடது காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். எந்தக் காலில் எது என்று கவனித்தாளோ என்னவோ. எதையோ பேசிக்கொண்டே சாக்ஸோடு நீவினாள்.

அவர் முகத்தைச் சுளித்தார்.

"குறுகுறுங்குது."

"எங்க அங்கிள்?"

இடது காலைக் காட்டினார்.

ஜெஸிந்தா போட்ட கூச்சலில் அவள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். விஷயம் கேட்டதும் கண்ணில் நீர் கொட்டியது. சுவரில் இருந்த முருகனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

ஜெஸிந்தா அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாதீங்கம்மா. இனிமே எல்லாம் சரியாயிரும்."

அவள் அழுததில் பாதி சந்தோஷம்தான்.

மீதிப் பாதியை யாரிடம் சொல்வது? செத்த கால் என்று அவள் தள்ளிவிட்ட காலில், முதன்முதலாக அவருக்குத் தெரிந்தது ஜெஸிந்தாவின் பின்னல். ஜெஸிந்தாவின் கை. அந்தக் காலை ஜெஸிந்தாவுக்குத் தூக்கிக் கொடுத்தவளும் அவளே.

ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ஜெஸிந்தா வருவதற்குள் சாக்ஸை மாற்றிப் போட்டாள். தன்னுடையது இடது காலில்.

கட்டிலடியில் உட்கார்ந்தாள். காலை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெஸிந்தா எப்படி நீவுவாளோ அப்படியே நீவினாள்.

"தெரியுதாங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்தார்.

இன்னும் அழுத்தி நீவினாள். தன் கண்ணிகளே தன் உள்ளங்கையில் உறுத்தின.

"இப்ப?"

அவர் தலையை மெல்ல ஆட்டினார். இல்லை.

"இப்பவாவது?"

"ஜெஸி வரட்டும்" என்றார்.

அதுவும் தெளிவாகத்தான் விளங்கியது.

ஜெஸியாம், ஜெஸி!

அவளுக்கு என்ன வந்ததோ. பாதத்தின் சதையைச் சாக்ஸோடு சேர்த்துப் பிடித்து, நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"ஆ! வலிக்குதுடி!"

வாசலில் ஜெஸிந்தா குடையை உதறும் சத்தம் கேட்டது.

அவள் இன்னொரு தடவை கிள்ளினாள்.