ஓவனுக்கும் மேஜைக்கும் ஒரே தட்டு

இது நான் நேரில் பார்த்ததல்ல. பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் என் அறைத்தோழி வந்து சொன்னது. அவள் கோபத்தோடு சொன்னதால், கொஞ்சம் குறைத்தே எழுதுகிறேன்.

கடை திறந்த சூட்டோடு ஓர் இளம்பெண் மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"ஓவன்ல வைக்கிற தட்டு வேணுங்க. அப்படியே எடுத்து மேஜையில வெச்சுப் பரிமாறணும். வேற தட்டுக்கு மாத்துற வேலையே கூடாது."

"என்ன செய்யப் போறீங்க மேடம்?" என்றாள் தோழி.

"பாவ்லோவா. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் நுரையா அடிச்சு, மெல்லிய சூட்டுல வேகவிடணும். மேல மொறுமொறுன்னு, உள்ள பஞ்சு மாதிரி. அதுக்கு மேல கிரீம், பழம். இடம் மாத்தினா நொறுங்கிடும்."

"செஞ்சு பழக்கமா?"

"ரெண்டு தடவை செஞ்சேன். ரெண்டும் யாரோ ஏறி உக்காந்த தலையணை மாதிரி அமுங்கிப் போச்சு. எங்க மாமியார் ரெண்டு தடவையும் 'தட்டு சரியில்ல'ன்னுட்டாங்க. இப்ப மூணாவது ஓவன்ல இருக்கு. 'இதுவும் போச்சுன்னா உடனே இன்னொண்ணு வைக்கத் தட்டு வேணும், ஓடு'ன்னு துரத்தி விட்டுட்டாங்க."

"அவ்வளவு அவசரமா?"

"மத்தியானம் எங்க அக்கா சாப்பிட வர்றா. நான் வெந்நீர் வெச்சாலே அடிப்பிடிக்கும்னு சின்ன வயசுலேர்ந்து ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தடவையா என் சமையலைச் சாப்பிடப் போறா. இன்னிக்கும் சொதப்பினேன்னா, ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா."

தோழி ஒரு கண்ணாடித் தட்டை எடுத்து வைத்தாள்.

"இதுவே போதும். பில் போடுங்க."

கல்லாவிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். "அது வேணாம்மா. ஓரம் உயரம். ஆவி வெளிய போகாம அடிப்பக்கம் நசநசன்னு ஆயிடும்."

தோழி ஓரமே இல்லாத வெள்ளைப் பீங்கான் தட்டைக் காட்டினாள்.

"இது சரியா இருக்கு!" என்றாள் அந்தப் பெண்.

"மாடியில புதுசா வந்திருக்கு. ஒண்ணு விடாம எடுத்துட்டு வந்து காட்டு," என்றார் முதலாளி.

தோழிக்கு ஆச்சரியம். வந்தவர் விரலை நீட்டும் முன்பே சாமானைப் பெட்டியில் போட்டு ஒட்டிவிடுகிற ஆசாமி அவர்.

மாடிக்கும் கீழுமாக அவள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போதே மாமியாரிடமிருந்து போன். அந்தப் பெண் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தை, வெள்ளைத் தட்டு கிடைச்சிருச்சு. கிளம்பட்டுமா?"

"வெள்ளையா? வெள்ளை மேல வெள்ளையை வெச்சா, உங்க அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடுவா. வேற பாரு."

"நீலம் இருக்கு."

"நீலத்துல சோப்பு நுரை மாதிரி தெரியும்மா."

"கறுப்பு?"

"யாருக்காவது திருஷ்டியா கழிக்கப் போறோம்?"

"சரி, ஓவனைத் திறந்து பார்த்தீங்களா அத்தை?"

"நான் எதுக்குத் திறக்குறேன்? அதைப் பத்தி எனக்கென்ன தெரியும்?"

போன் கட்டாகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாத்தீங்களா? நான் இருந்தா வெந்துச்சா, செவந்துச்சான்னு திறந்து திறந்து பாத்துப் பக்குவமா எடுப்பேன். அவங்க டிவி முன்னாடி உக்காந்திருப்பாங்க."

"மாமியார்னா அப்படித்தான் மேடம். தட்டைச் சொல்ற மாதிரி உங்களைச் சொல்றாங்க," என்று தோழியும் தன் பங்குக்கு ஏற்றிவிட்டாள்.

"நான் வெள்ளையே எடுத்துக்கிறேன்."

"இரும்மா," என்றார் முதலாளி. "உங்க ஓவனோட உள்ளளவு என்ன? தட்டு நுழையலைன்னா திரும்பவும் அலையணும்ல?"

மறுபடியும் போன். "ஸ்கேலை எங்க வெச்சேன்னு தெரியலையே. தேடுறேன், லைன்லயே இரு," என்றார் மாமியார். தேடினார், தேடினார், தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைக்கவில்லை என்று வைத்துவிட்டார்.

அதன் பிறகு நாற்பது தட்டாவது பார்த்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் முதலாளி ஒரு குறை சொன்னார். கனம், பிடி இல்லை, அடி வழுக்கும்.

திடீரென்று மாமியாரே கூப்பிட்டார்.

"அந்த வெள்ளையே இருக்கட்டும். வாம்மா."

முதலாளி அடுத்த நொடி தட்டைப் பெட்டிக்குள் போட்டார்.

சாயங்காலம் அந்தப் பெண் ஒரு டப்பாவோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"சாப்பிட்டுப் பாருங்க! அமுங்கவே இல்ல. அக்கா ரெண்டு துண்டு சாப்பிட்டுட்டு, செய்முறையை எழுதித் தரச் சொன்னா. என்கிட்ட!"

"புதுத் தட்டு ராசியா?"

"அதை இன்னும் பிரிக்கவே இல்ல. நான் வீட்டுக்குப் போறப்பவே பழைய தட்டுல கும்முனு நின்னுச்சு. பழைய தட்டு இப்பத்தான் கைக்குப் பழகியிருக்காம், அத்தை சொல்றாங்க."

அன்று ராத்திரி தோழி காலைத் தேய்த்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "மாமியாருக்கு வேலை இல்ல. எங்க முதலாளிக்கு வியாபாரம் தெரியல."

ஒருத்தி சொன்னதை மட்டும் வைத்து இரண்டு பேரைக் குறை சொல்லி எழுத எனக்குத் துணிவில்லை. மறுவாரம் கடைக்குப் போய் முதலாளியிடமே கேட்டேன். அவர் சிரித்தார். அன்று கடை திறந்ததும் அவருக்கு வந்த முதல் போன் இதுதானாம்:

"சார், என் மருமக அங்க வந்துட்டிருக்கா. வீட்டுல இருந்தா ஓவன் கதவைத் திறந்து திறந்து பாப்பா, அது அமுங்கிடும். உன்னாலதான் கெடுதுன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல. நான் சொல்ற வரைக்கும் தயவுசெஞ்சு அவளுக்கு எதையும் வித்துடாதீங்க."