படி இல்லாத வீடு

ஓர் அலுவலக மேசையில் இரண்டு நோட்டுகள் அருகருகே கிடந்தன. ஒன்று அங்கன்வாடியின் எடை நோட்டு. மற்றது ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடும் அறையின் நோட்டு. பிள்ளைகளைப் பற்றிய ஓர் ஆய்வுக்காக இரண்டையும் முதன்முறையாகச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

எடை நோட்டுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஃபேன் காற்றில் ஒரே பக்கத்துக்கே திரும்பத் திரும்ப வந்தது.

“என்கிட்ட இலக்கியான்னு ஒரு குட்டி இருக்கா. மூணு வயசு. ஆறு மாசமா எடை ஏறவே இல்ல.”

“தெற்குத் தெரு இலக்கியாவா?” என்றது கட்டு நோட்டு. “என்கிட்ட ரெண்டு தடவை வந்திருக்கா. ரெண்டு தடவையும் கை முறிஞ்சுதான். வீட்டு மாடிப்படியில விழுந்துட்டாளாம்.”

எடை நோட்டு படபடத்தது. “எந்த மாடிப்படி? டீச்சர் வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதியிருக்காங்க. ஓலைக் குடிசை, ஒரே அறை. வாசற்படிகூடக் கிடையாது!”

“கூட்டிட்டு வந்தவங்க சொன்னதை எழுதிக்கிட்டேன்,” என்றது கட்டு நோட்டு.

“யாராவது உடனே அங்க போகணும். இன்னைக்கே!”

அதற்குள், இரண்டு நோட்டுகளையும் சேர்த்து எழுதிய பட்டியலில் ஒரு கறுப்பு மார்க்கர் இலக்கியாவின் பெயரைப் பட்டையாக அடித்தது. பக்கத்தில் 417 என்று போட்டது.

“ஐயோ, என்ன பண்றே?”

“ஆய்வுக்குப் பேர் போகக்கூடாது. இனிமே அவ யாருன்னு யாருக்கும் தெரியாது. எல்லாம் பிள்ளையோட பாதுகாப்புக்குத்தான்.”

“யார்கிட்டேயிருந்து?” என்று கேட்டது எடை நோட்டு.

மார்க்கர் அடுத்த பெயருக்குப் போய்விட்டது.