ஆக்னஸ் கொண்டுவந்த பலகை

மழை இருட்டில் ஏழாம் வகுப்பின் ஒற்றை டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறது. மேசைமேல் சாய்த்து வைத்திருக்கும் பலகை ஆக்னஸ் வீட்டிலிருந்து வந்தது. அப்பா உயிரோடிருந்த போன மாதம் வரை, ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசற்படியில் அவருடைய சக்கர நாற்காலியை அவள் அதன்மேல்தான் தள்ளி ஏற்றினாள். இரண்டு டயர் தடங்கள் இன்னும் கறுப்பாகக் கிடக்கின்றன. “தூக்குறதைவிட சாய்வுல ஏத்தினா பாரம் லேசு,” என்றபடி லலிதா டீச்சர், அரைச் செங்கல் ஏற்றிய பொம்மை லாரியைச் சுருள்வில் தராசால் இழுக்கிறார். “பலகையைத் திரும்ப எடுத்துட்டுப் போறியா?” “நக்கோ டீச்சர். இனிமே வேணாம்.” லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப் சங்கு ஊதி ஓய்கிறது. லாரி பாதி ஏறியதும் தராசின் முள் காட்டும் அளவு சட்டென்று குறைகிறது. ஆக்னஸின் உள்ளங்கை லாரியின் பின்னால் இருக்கிறது. “கையை எடும்மா, அளவு தப்பாயிடும்.” அவள் எடுப்பதாக இல்லை. “விட்டா பின்னால உருண்டுடும் டீச்சர்.”