அஸ்திச் சோதனை

பாலாற்றுப் படித்துறையில், அப்பாவின் அஸ்திக் கலயத்தை மடியில் இறுக்கிப் பிடித்தபடி வரிசையில் உட்கார்ந்திருந்தாள் கோமளா. இப்போதெல்லாம் சோதிக்காமல் ஆற்றில் எதையும் கரைக்க விடுவதில்லை. சுடுகாட்டிலேயே எலும்புகளைப் பாலூற்றி மூன்று தடவை கழுவியிருந்தும் கலயத்தை மறுபடி முந்தானையால் துடைத்தாள். முன்னால் போனவர்களுக்கெல்லாம் கருவி பச்சை காட்டியது. அவள் முறை வந்ததும் சிவப்பு.

“குரோமியம் இருக்கும்மா,” என்றார் சோதனைக்காரர். “ஆத்துக்கு ஆகாது. அப்பா என்ன வேலை பாத்தாரு?”

“தோல் பதனிடுற ஷாப்புல, குரோமியத் தொட்டியில வேலை. முப்பது வருஷம்.”

அவர் கலயத்தைத் திருப்பிக் கொடுத்தார். கோமளா வாங்கவில்லை.

“அந்தத் தொட்டித் தண்ணிய இதே ஆத்துல தெறந்துவிடச் சொன்ன முதலாளியப் போன மாசம் இங்கதானே சார் கரைச்சாங்க?”

“ஆமாம்மா. அவருக்குப் பச்சைதான் காட்டுச்சு.”