திருத்தும் அனுமதி

மகள் தன் கல்யாணத்துக்கு அழைக்கவேண்டியவர்கள் பட்டியலை ஆன்லைனில் போட்டு, வீட்டாருக்கு லிங்க் அனுப்பியிருந்தாள். பஸ் டிரைவரான அப்பா முதல் வேலையாகத் தன் தங்கையின் பெயரைச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் தரை துடைத்துச் சம்பாதித்து அந்தப் பெண்ணை ஆளாக்கிய அத்தை அவள்.

மறுநாள் பெயரைக் காணோம். திரும்பச் சேர்த்தார். அதுவும் போயிற்று. அவருக்குச் சுர்ரென்று ஏறியது. பிரிந்துபோன மனைவிக்குப் போன் போட்டார்.

"பச்சைப் பிள்ளையை விட்டுட்டுப் போனவ நீ. இப்ப வளர்த்தவ பேரை அழிக்கிறியா?"

"நான் எதையும் அழிக்கலை."

"பொய் சொல்லாதே. லிங்க் உனக்கும்தானே வந்திருக்கு?"

"வந்திருக்கு. பார்க்க மட்டும்தான் அனுமதி, ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. திருத்தற அனுமதி உங்களுக்கும் அவளுக்கும் மட்டும்தான்னு பொண்ணே சொன்னா."

அவர் போனோடு எழுந்து வாசலுக்கு வந்தார்.

"உங்க தங்கச்சி கேட்டா, நான்தான் அழிச்சேன்னு சொல்லிடுங்க," என்றாள் அவள். "என்னைத் திட்டறது அவளுக்குப் பழக்கம்தான். பொண்ணு பண்ணினதுன்னு தெரிஞ்சா தாங்கமாட்டா."

உள்ளே தங்கை கல்யாணத்துக்கு எடுத்த புதுத்துணிக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வாட்டியாவது என் பேரு நின்னுதாண்ணே?"

"இல்லம்மா. அவ அம்மாதான் அழிக்கிறா."

"நெனச்சேன்," என்று தங்கை நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விடுங்கண்ணே. நம்ம பொண்ணு காதுல ஒரு வார்த்தை போட்டு வைங்க. அவ அம்மாவை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."